யார் சொன்னது ஆகாதென்று?

"கீமோ ஏற்றும் உடம்பு தடுப்பூசியைத் தாங்காது!" கடைத்தெருவில் தீர்ப்பளிக்கும் சகோதரர்களே, எந்த மருத்துவர் சொன்னார்?

2021 மார்ச் 1 முதல், 45 வயது தாண்டிய புற்றுநோயாளிகளுக்குக் கொரோனா ஊசியில் முன்னுரிமை தரப்பட்டது. ஏன்? கீமோ வெள்ளணுக்களைக் குறைக்கிறது. கிருமி புகுந்தால் எதிர்க்க ஆளில்லை.

நோயாளியின் பயத்தை நாம் பழிக்கவில்லை. ஆரம்ப சோதனைகளில் சிகிச்சையில் இருந்தவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லையே! ஆனால், கீமோ காலத்தில் கூடாதவை தட்டம்மை ஊசி போன்ற உயிர்க்கிருமி ஊசிகள்தான். கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த ரகமல்ல. ஃப்ளூ ஊசியும் அல்ல. எந்த வாரம் போடுவதென்று புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள், பக்கத்துக் கடைக்காரரையல்ல.

போட்டாலும் அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாகவே ஊறும். கல்லாவில் நூறு பேரைப் பார்த்துவிட்டு உம்மாவின் கட்டிலருகே போய் உட்காரும் வாலிபனே, நீ போட்டுக்கொண்டாயா?