கல்லூரியைக் கம்பெனி ஆக்காதீர்கள்

கல்லூரிக்குக் கஷ்டகாலம் வந்தால் அதைக் கம்பெனிபோல நடத்தத் தெரிந்தவர்தான் தலைமைக்கு வரவேண்டும் என்ற நம்பிக்கை திருப்பூரில் வேரூன்றிக் கிடக்கிறது. சேர்க்கை குறைந்த துறையை மூடு, ஆளைக் குறை, உடனே வேலை தரும் பாடத்தை மட்டும் வை என்கிறார்கள். சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஊரே அப்படித்தான் பிழைத்தது என்று நம்புகிறார்கள். நம்பிக்கையே தவறு.

பின்னலாடைக் கம்பெனியில் ஆர்டர் நின்றால் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். பீஸ் ரேட் டெய்லருக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது. ஆர்டர் வந்தால் ஆளும் வந்துவிடும். கல்லூரியில் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டாமாண்டில் படிப்பை விட்டுச் செக்கிங் டேபிளுக்குப் போன பெண் வகுப்புக்குத் திரும்புவது அரிது. ஒரு துறையை மூட ஒரு கூட்டம் போதும். சிதறிய ஆசிரியர்களைத் திரட்டி அதை மீண்டும் கட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

திருப்பூருக்கு அடிமேல் அடி விழுந்திருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016-இல் பணமதிப்பிழப்பு, 2020-இல் ஊரடங்கு, 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் 50 சதவீத வரி. இப்படிப்பட்ட அடி முதலில் விழுவது சனிக்கிழமைச் சம்பளத்தில். அடுத்து, அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பில். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரிக்கும் வரும் பிள்ளைகளில் பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சந்தை விழும் நேரத்தில்தான் கல்லூரி அவர்களை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் கல்லூரியும் ஆட்குறைப்பில் இறங்கினால் அவர்கள் எங்கே போவார்கள்?

திருப்பூரின் வரலாறும் கம்பெனி முறையைக் கோருபவர்கள் சொல்வதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஏற்றுமதியாளர்கள் 1990-இல் சங்கமாகத் திரண்டார்கள். 1997-இல் பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி தொடங்கினார்கள். சாயக்கழிவுச் சிக்கலில் பட்டறைகள் செலவைப் பகிர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. ஊர் மீண்டது கூட்டு முயற்சியால்.

கம்பெனி முறை ஏற்கெனவே கல்லூரிக்குள் நுழைந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள், ஆண்டுக்கு 11 மாதத் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளியவர்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியரால் தடுமாறும் மாணவனுக்கு எப்படித் தைரியம் சொல்ல முடியும்?

கணக்குச் சுத்தம், காலம் தவறாமை, முடிவைத் தள்ளிப்போடாத துணிவு ஆகியவற்றைக் கம்பெனிகளிடம் தாராளமாகக் கற்கலாம். ஆனால் நெருக்கடியில் கல்லூரி முதல்வர் செய்யவேண்டியவை வேறு. கட்டணத்தைத் தவணையாக்க வேண்டும். ஒரு வாரம் வராத மாணவியின் வீட்டுக்கு ஆளனுப்ப வேண்டும். அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் தகுதியுள்ள ஒருவருக்கும் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதையாவது வெட்டுவதற்கு முன் வரவுசெலவை ஆசிரியர்கள் முன் விரித்துவைக்க வேண்டும்.

நெருக்கடிக்காலத் தலைமையை எடைபோட உபரிப் பணத்தைப் பார்க்காதீர்கள். முதலாமாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பருவத் தேர்வை எழுதினார்கள் என்று கேளுங்கள். நிர்வாகக் குழுக்கள் அந்த எண்ணை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடட்டும்.