விளக்குக்குப் பணம் இருந்தது, குருவிக்கு இல்லையா?



"கிளிக்கும் குருவிக்கும் கவர்மெண்டு கோடி கோடியாக் கொட்டுறதா? இங்கே மனுஷனுக்கே வழியைக் காணோம்!" எந்த நாட்டு டீக்கடையிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. அருகி வரும் தீவு உயிரினங்களுக்கு ஓர் அரசு மானியம் ஒதுக்கினால், மறுநாள் காலை முதல் கிளாஸ் டீயோடு இந்தக் கேள்வியும் சூடாக வந்துவிடும்.

நியாயமான கேள்விதான். வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்கத்தான் செய்வான். ஆனால் கணக்கு என்றால் பற்று, வரவு ரெண்டு பக்கமும் பார்க்கணும். செலவுப் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு நோட்டை மூடிவிடக் கூடாது. நியூசிலாந்து நாட்டின் கணக்கு நோட்டை இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். தீவு உயிரினங்களைக் காக்க அரசாங்கம் பணம் போடுவதில் அந்த நாட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு. வெற்றியும் உண்டு, பலத்த அடியும் உண்டு!

கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித்துக் கிடந்த நிலம் அது. அங்கே வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவும் பூர்வீகமாகக் கிடையாது. எலி இல்லை, பூனை இல்லை, கீரி இல்லை. அதனால் பறவைகள் பயமில்லாமல் தரையில் கூடு கட்டின. பல இனங்கள் பறப்பதையே மறந்தன. காகாபோ என்ற கிளி இருக்கிறதே, உலகத்திலேயே எடை மிகுந்த கிளி அதுதான். பறக்காது; ராத்திரியில்தான் நடமாடும். ஆபத்து என்றால் ஆடாமல் அசையாமல் நின்றுவிடும். மேலேயிருந்து கண்ணால் தேடும் கழுகிடம் இந்த வித்தை பலித்தது. மோப்பம் பிடித்து வரும் எலியிடமும் பூனையிடமும் பலிக்குமா?

சரி, இந்த எதிரிகளைக் கொண்டு வந்தது யார்? மனிதன்தான். கப்பலோடு கறுப்பு எலி இறங்கியது. அதன் பூர்வீகம் நம்ம இந்தியத் துணைக்கண்டம் என்று சொல்கிறார்கள். ஆக, இந்தக் கதையில் நமக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது! வேட்டைக்கும் கறிக்கும் என்று முயலை விட்டார்கள். முயல் பெருகி ஆட்டு மந்தையின் புல்லை மேய்ந்து தீர்த்தது. முயலைத் தின்னட்டும் என்று 1880-களில் ஸ்டோட் என்ற கீரி மாதிரியான பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். பறவை அறிஞர்கள் அப்போதே வேண்டாம் என்றார்கள். யார் கேட்டார்கள்? இதைச் செய்தது எவனோ ஒரு தனி ஆள் இல்லை, தோழர்களே. அரசாங்கமே செலவு செய்து இறக்குமதி செய்தது!

1894-ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அந்த ஒரே வருஷத்தில் ரெண்டு தீவுகளில் அரசாங்கப் பணம் வேலை செய்தது.

முதலாவது, குக் நீரிணைப்புப் பக்கம் உள்ள ஸ்டீபன்ஸ் தீவு. அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு பூனையும் வந்தது. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் மிச்சமில்லாத, பறக்க முடியாத ஒரு சின்னஞ்சிறு குருவி அங்கே இருந்தது. ஒன்றிரண்டு வருஷத்துக்குள் அந்த இனமே பூண்டோடு போயிற்று. உலகம் அதைக் கண்டுபிடித்ததும் இழந்ததும் ஏறக்குறைய ஒரே மூச்சில்!

இரண்டாவது, தென்மேற்குக் கோடியில் உள்ள ரெசல்யூஷன் தீவு. பறவைகளின் காப்பிடமாக ஒதுக்கப்பட்ட அந்தத் தீவுக்கு அதே 1894-ல் ரிச்சர்ட் ஹென்றி என்பவரைக் காவலராக நியமித்தார்கள். மழையிலும் குளிரிலும் படகு வலித்து, நூற்றுக்கணக்கான காகாபோக்களையும் கிவிகளையும் பிடித்துக் கொண்டுபோய் அந்தத் தீவில் விட்டார் மனுஷன். 1900-ல் ஸ்டோட் ஒன்று தீவிலேயே தென்பட்டது. நீந்தி வந்திருக்கிறது! பல வருஷ உழைப்பு வீணாகிப் போனது.

ரெண்டுமே அரசு செலவுதான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். விளக்குக்கு எண்ணெய், மாற்று ஆள், சப்ளைக் கப்பல் என்று வருஷா வருஷம் ஏற்பாடு உண்டு. விளக்கு ஒரு ராத்திரி அணைந்தால் கப்பல் மோதும் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். பறவைகளுக்கோ அத்துவானக் காட்டில் ஒரு காவலர், ஒரு படகு. எதிரி வந்தால் தடுக்க எதுவுமே இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: மானியம் தருவது பெரிதில்லை, கலங்கரை விளக்கத்துக்குத் தருவது போலத் தரவேண்டும்.

நம்ம வொர்க்ஷாப் பாஷையில் சொன்னால், மிஷின் வாங்கப் பணம் கிடைக்கும்; மெயின்டனன்ஸுக்குக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். லேத்தை வாங்கிப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் எண்ணெய் விடாமல் இருந்தால் என்ன ஆகும்? தீவுக்கும் அதே கதிதான்.

முழுசாகப் பணம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தெற்கே வெகு தூரத்தில் உள்ள கேம்ப்பெல் தீவின் பரப்பு 11,300 ஹெக்டேர். 2001-ல் ஹெலிகாப்டர்களில் செயற்கைக்கோள் வழிகாட்டுக் கருவி பொருத்தி, வயலுக்கு விதை தூவுகிற மாதிரி ஓர் இடம் விடாமல் 120 டன் எலி மருந்து தூவினார்கள். மொத்தச் செலவு சுமார் 26 லட்சம் நியூசிலாந்து டாலர். வகுத்துப் பாருங்கள், ஹெக்டேருக்கு 230 டாலர்தான் வருகிறது. 2003-ல் எலியே இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். பக்கத்துப் பாறைத் தீவில் ஒண்டிக் கிடந்த, பறக்காத ஒரு வாத்து இனம் திரும்பவும் சொந்த ஊருக்கு வந்தது. இந்தச் செலவா வீண்?

அரைகுறையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் பூனைகளை 2000-க்குள் ஒழித்துவிட்டார்கள். முயலும் எலியும் இருந்துவிட்டன. பூனை போனதும், முயலை அடக்கி வைத்திருந்த கிருமியின் வீரியம் குறைந்ததும் சேர்ந்துகொள்ள, முயல்கள் மலைச்சரிவை மொட்டையடித்தன. 2006-ல் மண் சரிந்து பெங்குவின்கள் புதைந்தன. அதற்குப் பிறகும் யார் பணம் போடுவது என்று மத்திய அரசுக்கும் தாஸ்மேனியா மாநில அரசுக்கும் இழுபறி! கடைசியில் 2007-ல் 2 கோடியே 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை ஆளுக்குப் பாதியாக ஒப்புக்கொண்டார்கள். 2014-ல்தான் தீவு சுத்தமானது. பாதி வேலைக்கு மட்டும் தரும் மானியம், பாதிப் பாலம் கட்டுவது போல. பாதிப் பாலத்தில் யாரும் பாதி ஆற்றைக்கூடக் கடக்க முடியாது.

இப்போது காகாபோவுக்கு வருவோம். 1995-ல் உலகத்தில் மொத்தம் 51 பறவைகள். நம்ம ஒரு வகுப்பில் உள்ள ஆட்களைவிடக் குறைவு! எலி, ஸ்டோட் இல்லாத தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, முதுகில் ரேடியோ டிரான்ஸ்மீட்டர் கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை பிடித்து பேட்டரி மாற்றி, முட்டையை இன்குபேட்டரில் பொரித்து... 2022-ல் அது 250-ஐத் தாண்டியது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுத் தோழர்களே, அந்த டிரான்ஸ்மீட்டர் எந்தப் பறவை எதனோடு இணை சேர்ந்தது என்பதைக்கூடச் சொல்லும்! நம்மைப் போன்று ஸ்பேனரும் சால்டரிங் அயர்னும் பிடிக்கிறவர்களுக்கும் இந்த வேலையில் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் காகாபோ வருஷா வருஷம் குஞ்சு பொரிக்காது. ரிமு என்ற மரம் அமோகமாகக் காய்க்கும் வருஷத்தில்தான் முட்டையிடும். அது ரெண்டு முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். நமக்கு மார்ச் 31 போல நியூசிலாந்து அரசுக்கு ஜூன் 30-ல் கணக்கு முடியும். ரிமு மரத்துக்கு ஜூன் 30 தெரியுமா? ஒரு வருஷ மானியம் கொடுத்துவிட்டு "ரிசல்ட் எங்கே?" என்று கேட்டால், காய்க்காத வருஷத்தில் அந்த அதிகாரி எதைக் காட்டுவார்?

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் நியூசிலாந்து அரசு 2050-க்குள் எலி, ஸ்டோட், பாஸம் ஆகியவற்றை நாடு முழுதும் ஒழிப்போம் என்று அறிவித்தது. வெளியார் ரெண்டு டாலர் போட்டால் அரசு ஒரு டாலர் போடும் என்ற ஏற்பாட்டில் ஒரு கம்பெனியையும் அமைத்தது. 2020-ல் கொரோனாவில் வேலை இழந்தவர்களுக்காக, இயற்கையைக் காக்கும் வேலைகளுக்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பொறி வைக்க ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. ஆனால் அது கால வரம்புள்ள பணம். 2025 பட்ஜெட்டை ஒட்டி அந்தக் கம்பெனியை மூடி, வேலையை இயற்கைப் பாதுகாப்புத் துறையிடமே ஒப்படைப்பதாக அறிவித்தார்கள். அதே 2025 நவம்பரில் காட்டுப் பூனைகளையும் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் நீளுகிறது, பை சுருங்குகிறது!

ஒரே துறையில் எல்லாம் இருந்தால் நிர்வாகச் செலவு மிச்சம் என்பது அரசுத் தரப்பு வாதம். சரியாகவே இருக்கட்டும். ஆனால் பொறி வைத்த ஆள் வேலை போய் வீட்டுக்குப் போனால், காட்டில் கிடக்கும் பொறி யார் பொறுப்பு? இரை மாற்றாத பொறி வெறும் மரப்பெட்டிதான். எலியின் வம்சம் பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காது.

"தனியார் கம்பெனிகள் தரட்டுமே" என்பார்கள். தருகிறார்கள், காகாபோவுக்கு 1990 முதல் ஓர் அலுமினியக் கம்பெனி பல ஆண்டுகள் உதவியது, வரவேற்போம். ஆனால் ஸ்பான்சர் தேடுவது போட்டோவில் அழகாக விழும் முகத்தைத்தான். வேட்டா என்ற பெரிய வெட்டுக்கிளிக்கும், பாறை இடுக்குப் பல்லிக்கும் யார் பேனர் வைப்பார்கள்? யாரும் சீந்தாத உயிருக்குச் செலவு செய்யத்தானே அரசாங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம்?

"எலியும் ஓர் உயிர்தானே?" என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. விஷம் வைப்பது கொடுமையான வேலைதான். நியூசிலாந்திலேயே அதற்கு எதிராக ஊர்வலம் போகிறார்கள். ஆனால் எலிக்கு உலகம் முழுதும் வீடு இருக்கிறது. ஒரு தீவுக் குருவிக்கு அந்த ஒரு தீவுதான். அது போனால் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

ஆகவே என் கட்சி இதுதான். தீவு உயிரினங்களுக்கு அரசு தரும் பணம் தர்மம் அல்ல; கடன் தீர்ப்பது. ஸ்டோட்டை இறக்கியதும், விளக்கோடு பூனையை ஏற்றியதும் அரசுப் பணம்தான். கெடுத்த கைதான் சரிசெய்யவும் வேண்டும். அந்த மானியம் குறைந்தது பத்து வருஷத்துக்கு உறுதியாக இருக்கட்டும். அதில் ஒரு பங்கு, வேலை முடிந்த பிறகும் காவல் காக்க என்றே பூட்டி வைக்கப்படட்டும். காட்டில் பொறி வைக்கிற கைக்குச் சம்பளம் போன பிறகு மிச்சமிருந்தால் விழாவும் விளம்பரமும் நடக்கட்டும்.

மருத்துவமனையா, குருவியா என்று ஏழையையும் பறவையையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களிடம் ஏமாற வேண்டாம், தோழர்களே. ரெண்டுக்கும் பராமரிப்புப் பணத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். நாளைக்கு நாம் எந்த ஆபீசில், எந்தத் தொழிற்சாலையில் உட்கார்ந்தாலும், ஒரு எஸ்டிமேட் நம் கைக்கு வரும்போது "வாங்குற செலவு சரி, பார்த்துக்கிற செலவு எங்கே?" என்று கேட்போம். டிப்ளமோ படித்தவன் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.