பழுது பார்க்கத் தெரிந்த டீச்சர்

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடமும் பருவ மழையும் சேர்ந்தே தொடங்குகின்றன. மின்சாரம் மட்டும் அவ்வப்போது விடுப்பு எடுத்துக்கொள்கிறது. திருவனந்தபுரத்தில் ஓர் அரசுப் பள்ளி. கம்ப்யூட்டர் அறையில் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும் வேலை பாதி நடந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போகிறது. திரும்பி வந்த பிறகு திரையில் வழக்கமான படம் வருவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளில் நாலைந்து வரிகள். அதன் பிறகு எந்த அசைவும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் சர்வீஸ் ஆளுக்கு போன் போகும். அவர் அடுத்த வாரம் வருவார். அதுவரை அறைக்குப் பூட்டு. இங்கே பள்ளியின் ஐ.டி. கோஆர்டினேட்டர் கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். அவர் எஞ்சினீயர் அல்ல. காலையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கோ மலையாளமோ நடத்திவிட்டு வந்த டீச்சர்.

சாதாரணக் காட்சிதான். ஆனால் இதைச் சாதாரணமாக்க கேரளத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

2001 ஜூலை 20 அன்று இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-இல் 'க்னூ' திட்டத்தை அறிவித்து, மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று உலகெங்கும் வாதாடி வருபவர். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'லினக்ஸ்' என்ற கருநிரலும் ஸ்டால்மன் குழுவின் கருவிகளும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆபரேட்டிங் சிஸ்டம்.

அதே 2001-இல்தான் கேரள அரசு பள்ளிகளுக்காக 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எல்லாம் விண்டோஸ்தான். பாடமும் பயிற்சியும் அதை ஒட்டியே இருந்தன. ஆசிரியர்களிடமிருந்தும் சுதந்திர மென்பொருள் ஆர்வலர்களிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்பிக்கிறோமா, ஒரு கம்பெனியின் சரக்கைப் பழக்குகிறோமா என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகளின் பாடநூலும் தேர்வும் லினக்ஸுக்கு மாறின. 2007-இல் வந்த மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை சுதந்திர மென்பொருளுக்கு வெளிப்படையாகவே முன்னுரிமை கொடுத்தது. 2017-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' ஒரு கம்பெனியாக உருமாறி 'கைட்' என்று பெயர் பெற்றது. தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில்.

இது வரையிலான கதை பல மேடைகளில் சொல்லப்பட்டதுதான். மேடையில் சொல்லப்படாத பகுதி, கரண்ட் போன பிறகு டீச்சர் என்ன செய்கிறார் என்பது.

முதல் வகைப் பழுது, பாதியில் நின்ற புதுப்பிப்பு. லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்துக்கு வேறு நான்கு தேவை. அந்த நான்குக்கு இன்னும் பத்து. கல்யாண வீட்டுச் சமையல் போல ஒன்று தவறினால் பந்தி முழுதும் நிற்கும். நல்ல வேளையாக, டெபியன் குடும்பத்து லினக்ஸ்களில் 'டிபிகேஜி' என்ற நிர்வாகி ஒரு கணக்குப்பிள்ளையைப் போல எந்தப் பொட்டலம் பிரிக்கப்பட்டது, எது அமைக்கப்பட்டது, எது அரைகுறை என்று குறித்து வைத்திருக்கிறார். 'விட்ட இடத்திலிருந்து அமைத்து முடி' என்று அவருக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கற்றுக்குட்டிகள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். 'வேறொரு வேலை நடக்கிறது, பூட்டியிருக்கிறது' என்று திரை சொன்னால் அந்தப் பூட்டுக் கோப்பையே அழித்துவிடுகிறார்கள். பல நேரம் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் பூட்டு தானே திறந்திருக்கும். உடைத்ததால் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். அதன் பிறகு யார் எழுதியதும் சரியாக இராது.

இரண்டாவது வகை, கருநிரல் மாற்றம். கர்னல் எனப்படும் கருநிரல்தான் இயந்திரத்துக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையே நிற்கும் தரகர். அதைப் புதிதாக்கினால் நேற்று வரை ஓடிய வயர்லெஸ் கார்டு இன்று கண்ணில் படாமல் போகலாம். காரணம் எளிது. சில கருவிகளின் இயக்கிகள் கருநிரலோடு சேர்ந்து வருவதில்லை, வெளியிலிருந்து பொருத்தப்படுகின்றன. அவை குறிப்பிட்ட கருநிரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆள் மாறினால் சட்டையையும் திரும்பத் தைக்க வேண்டும். தைப்பதற்கு 'டிகேஎம்எஸ்' என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் புதிய கருநிரலின் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டால் அந்தத் தையல்காரருக்கு அளவு கிடைக்காது.

இதற்கும் பதற்றப்பட ஒன்றுமில்லை. புதிய கருநிரல் வந்தாலும் பழையது உடனே அழிக்கப்படுவதில்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் 'க்ரப்' பட்டியலில் அதுவும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால் நேற்றைய இயந்திரம் நேற்று போலவே வேலை செய்யும். வகுப்பை நடத்திவிட்டு, மாலையில் நிதானமாக இயக்கியைச் சரிசெய்யலாம். இப்படிப் பழையவற்றைச் சேர்த்து வைப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. கருநிரல்களுக்கென்று தனியாக ஒதுக்கிய சிறிய பகுதி நிரம்பிவிட்டால் அடுத்த புதுப்பிப்பு பாதியில் நிற்கும். ஓடுவது ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவதே உத்தமம்.

மூன்றாவது வகை, மின்னஞ்சல். இது வேறு ஜாதி. முதல் இரண்டும் வீட்டுக்குள் நடக்கும் தகராறு. மெயில் சர்வர் தெருவோடு சம்பந்தப்பட்டது.

1980-களில் எரிக் ஆல்மன் எழுதிய 'சென்ட்மெயில்' பல ஆண்டுகள் இணையத்தின் தபால்காரராக இருந்தது. அதன் அமைப்புக் கோப்பைப் படித்தவர்கள் அதை மந்திரவாதியின் ஏடு என்று நினைத்திருந்தால் குற்றமில்லை. 1998-இல் வீட்சே வெனிமா வெளியிட்ட 'போஸ்ட்ஃபிக்ஸ்' வந்த பிறகு ஒரு சாதாரண நிர்வாகியும் சில வரிகளில் தபால் நிலையம் திறக்க முடிந்தது. கடிதம் போகவில்லையென்றால் பார்க்க வேண்டிய இடங்கள் இன்றும் அவைதான். முதலில் வரிசையில் கடிதம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்தது பதிவேட்டில் கடைசி வரி. அதில் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்றிருந்தால், இணைய சேவை தரும் நிறுவனம் 25-ஆம் எண் வாசலை அடைத்திருக்கலாம். 'மறுக்கப்பட்டது' என்றிருந்தால், எதிர் முனை உங்களை நம்பவில்லை.

நம்பிக்கைதான் இன்றைய சிக்கல். இந்த விலாசத்தின் பெயரால் யார் கடிதம் அனுப்பலாம் என்று அறிவிக்கும் 'எஸ்பிஎஃப்', கடிதத்தின் மேல் முத்திரை குத்தும் 'டிகிம்', முத்திரை பொய்யானால் என்ன செய்வது என்று சொல்லும் 'டிமார்க்' எல்லாம் சேர்ந்து இன்று அஞ்சலின் ஆதாரச் சான்றுகள். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இவற்றைக் கறாராகக் கேட்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவரும் முதல் இரண்டில் ஒன்றையாவது காட்ட வேண்டும்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மூலநிரல் கையில் இருந்தால் உங்கள் இயந்திரத்தை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் உங்கள் கடிதத்தை அடுத்தவர் வாங்கிக்கொள்ள மூலநிரல் மட்டும் போதாது. சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை பக்கத்து வீட்டுக் கதவு. ஒரு சிறு நிறுவனம் சொந்தத் தபால் நிலையத்தை மூடிவிட்டு வேறொருவரிடம் கணக்குத் தொடங்கினால் அதைத் தோல்வி என்று ஏசுவது நியாயமல்ல. என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்தால் சரி.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் என்ன? 2019-இல் கைட் ஒரு கணக்குச் சொன்னது. பள்ளிகளில் உள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள உரிமக் கட்டணம் மிச்சம். ஆக 3,000 கோடி ரூபாய். பத்திரிகைகள் தலைப்பிட்டுக் கொண்டாடின.

பெருக்கல் சரிதான். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. எந்தப் பள்ளியும் ஒவ்வொரு மேஜைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கியிருக்காது. காசில்லை என்று வாங்காமல் விட்டிருக்கும். அல்லது திருட்டு நகல் போட்டிருக்கும். உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் திருட்டு நகலில் பாடம் படிக்கவில்லை. பள்ளியில் ஓடும் அதே சாஃப்ட்வேரை வீட்டுக்கு எடுத்துப்போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முக்கியமாக, பழுதானதைத் திறந்து பார்க்கும் தைரியம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வந்தது.

அந்தத் தைரியத்துக்கும் செலவு உண்டு. கைட் தரும் லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் வழக்கமான பாதுகாப்பு ஐந்து ஆண்டுகள்தான். 2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்புக்கு 2023 மே மாதத்தோடு அது முடிந்தது. 22.04 பதிப்புக்கு 2027 வரை. அதாவது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தேர்தல் வருவது போல, மாநிலமெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களை மாற்றியமைக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சில புதியதைத் தாங்காது. பாடநூலில் உள்ள படமும் திரையில் தெரியும் படமும் மாறிப்போகும். ஆசிரியர்களைக் கூட்டிவைத்து மீண்டும் பயிற்சி தர வேண்டும். இலவச சாஃப்ட்வேர் என்று பேசுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் இது கம்பெனிக்குப் போகும் காசு அல்ல. உள்ளூர் மனிதர்களின் கையிலும் மூளையிலும் தங்கும் காசு.

2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் இதன் அடுத்த படி. பள்ளிக் கருவிகளைப் பராமரிக்க மாணவர்களுக்கே பயிற்சி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி க்ரப் பட்டியலில் பழைய கருநிரலைத் தேடுகிறாள் என்றால், அவள் நாளை எஞ்சினீயர் ஆகிறாளோ இல்லையோ, இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படமாட்டாள்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடிச் சம்பந்தமும் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இந்தக் கம்ப்யூட்டர் பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை சி-டாக் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2000-களின் பிற்பகுதியில் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. ஆனால் கேரளத்தைப் போல அது பாடத்திட்டத்தில் வேர் விடவில்லை. கேரளத்தில் டீச்சர் கற்றுக்கொண்டார். தேர்வு அதில் நடந்தது. எனவே ஆட்சி மாறியபோதும் திட்டம் நின்றது. அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். பாடநூலும் தேர்வும் எளிதில் இடமாற்றம் ஆவதில்லை.

பூஜப்புரையிலிருந்து அடுத்த பதிப்பு வரும். அது வரும் நாளிலும் மழை பெய்யலாம், கரண்ட் போகலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நிற்கும். அந்த எழுத்துகளைப் படித்துப் பார்க்க அறையில் ஒருவராவது இருக்கிறாரா என்பதே கேள்வி. திருவனந்தபுரத்துப் பள்ளியில் பெரும்பாலும் இருக்கிறார். அடுத்த பீரியடுக்கு மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கவலை.