தாளைத் திறக்காத வகுப்புகள்

மலையகப் பிள்ளைகளுக்கு மைக்ரோகண்ட்ரோலர் கற்றுக்கொடுப்பதாகக் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் சில, சிப்பின் தரவுத்தாளை ஒருமுறைகூடத் திறக்காமல் பாடத்தை முடித்துச் சான்றிதழும் கொடுத்துவிடுகின்றன. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். சிப்பினுள் நிரல் ஓடுவதைப் பார்க்க உதவும் கருவியான டிபக்கரில் எதை வாங்குவது என்று கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில், "மலிவாக இருப்பதை வாங்கு, வீடியோவில் காட்டியபடி நாலு வயரைச் செருகு" என்பதுதான்.

அந்த நாலு வயரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எஸ்டி-லிங்க் என்ற டிபக்கரின் அசல் கருவியில் வோல்ட் முனை ஓர் உள்ளீடு. எதிரிலுள்ள போர்டு எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று அறிந்துகொள்ளவே அது இருக்கிறது. அதே பெயரில் விற்கும் மலிவுப் பிரதிகளிலோ அந்த முனை 3.3 வோல்ட்டை வெளியே தருகிறது. 1.8 வோல்ட் போர்டில் அதைச் செருகினால் சிப் கெட்டுப்போகலாம். ஈஎஸ்பி32 சிப்பில் டிபக்கரைச் செருகும் ஜேடேக் இணைப்புக்கான நான்கு முனைகளில் 12ஆம் இலக்க முனைக்கு இன்னொரு வேலையும் உண்டு: சிப் விழிக்கும் கணத்தில் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று தீர்மானிப்பது அதுவே. டிபக்கர் அதை மேலே இழுத்துப் பிடித்தால் சாதாரண போர்டு எழும்பாது. தாளில் ஒரு சிறிய அட்டவணை இதைச் சொல்கிறது. படிக்காதவர் நல்ல போர்டைப் பழுதென்று ஒதுக்கிவிடுவார்.

இவற்றையெல்லாம் விட எங்களுக்குக் கோபம் மூட்டுவது வேறொன்று. எஸ்டிஎம்32 என்று விற்கப்படும் போலிச் சிப்கள் சில, டிபக்கர் கேட்கும்போது அசலுக்குரிய அடையாள எண்ணைத் தருவதில்லை. டிபக்கரை இயக்கும் ஓப்பன்ஓசிடி மென்பொருள், எண் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். அப்போது சிப்பை விசாரிக்க வேண்டும். அதை விட்டு, மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றி எச்சரிக்கையை அடக்கக் கற்றுக்கொடுப்பது பயிற்சியே அல்ல.

மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊரில் இது சிறு விடயமல்ல. 1965இல் இயங்கத் தொடங்கிய இங்குள்ள மின் நிலையம், இலங்கையின் நீர்வலுவைக் கணக்கிட்டு 1918இலேயே ஆய்வுரை சமர்ப்பித்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்குகிறது. சுற்றிலும் சரிவுகள், சரிவுகளில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள். மண்சரிவு எச்சரிக்கையே மழை அளவை நம்பித்தான் இருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150 என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிகள் வைத்திருக்கிறது. எச்சரிக்கை முன்பே இருந்தும் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. நாளை இப்பிள்ளைகள் ஒரு மழைமானி செய்தால், அதில் மழைநீர் நிரம்பும் சிறு வாளி ஒருமுறை கவிழ்வதைச் சுவிட்ச் அதிர்ந்து இரண்டாக எண்ணுகிறதா என்று பார்க்க அவர்களிடம் இருக்கப்போவது டிபக்கர்தான். அதையே சரியாக இணைக்கத் தெரியாதவர் தரும் 150ஐ நம்பி எந்தத் தாய் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு வெளியேறுவாள்?

தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது என்ற சாக்கை ஏற்க மாட்டோம். வோல்ட் வரம்பு, முனை வரைபடம், தொடக்க நிலை அட்டவணை ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்க ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அது முதல் வகுப்பிலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். கருவி விற்கும் கடைகள், வோல்ட் முனை உள்ளீடா வெளியீடா என்று பெட்டியில் ஒட்ட வேண்டும். கருவி வாங்கும் திட்ட அதிகாரிகள், விலைமனுவில் விலைக்கு முன்னால் சிப்பின் பெயரையும் அதன் வோல்ட்டையும் எழுத வேண்டும். ஒரு சிப்பின் தாளைத் திறந்து தனக்கேற்ற டிபக்கரைத் தானே தெரிவுசெய்து காட்டாத எவருக்கும் இந்தத் தவணையிலிருந்தே சான்றிதழ் கொடுக்கக் கூடாது.