கருவி கைக்கு இணங்க வேண்டும்

ஏட்டுக்கு எழுத்தாணி எவ்வாறோ, தாளுக்கு அச்சுக்கூடம் எவ்வாறோ, அவ்வாறே இக்காலத்து எழுத்துக்குக் கணினியின் விசைப்பலகை அமைந்துள்ளது. ஆயினும், அதனைத் தம் மொழிக்கும் தம் கைக்கும் ஏற்பத் திருத்தி அமைத்துக்கொள்ளலாம் என்பதை நம் மாணவருட் பலர் அறியாதிருக்கின்றனர். கடையிலிருந்து வந்தபடியே பொறியை ஏற்று, அதற்குத் தம்மை வளைத்துக் கொள்கின்றனர். கல்லூரியின் விழா மலரில் இதனைப் பேசுதல் பொருத்தமோ என ஐயுறுவோர், நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கேட்பாராக.

இம்மலருக்கென வந்த கட்டுரைகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தோம். மூத்த பழைய மாணவர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் கணினியிற் பதித்து வைத்த கட்டுரையை அனுப்பியிருந்தார். கோப்பைத் திறந்தபோது ஒரு தமிழெழுத்தேனும் கண்ணிற்படவில்லை. 'அம்மா' என்னும் சொல் நிற்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள் நின்றன. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அது எழுதப்பட்டிருந்தது. அம்முறையிற் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தையே. எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் பூட்டுகின்றது. எழுத்துரு இல்லாத பொறியில் வேடம் கலைந்துவிடும். நம் திருக்கோணமலை தந்த த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' 1895 இல் வெளிவந்தது. அதன் பிரதியைக் கையிலெடுக்கும் எவரும் இன்றும் படிக்கலாம். நேற்றெழுதிய கட்டுரை நமக்குப் புதிராயிற்று.

இதனாற் பழையோரைக் குறை கூறுகின்றோம் அல்லோம். 247 எழுத்துக்களையுடைய மொழியைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் அரும்பணியை முதலில் முடித்தவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா ஆவர். அவர் வகுத்த தமிழ்த் தட்டச்சுப்பொறி ஜெர்மனியில் உருவாக்கப்பெற்றது. தட்டச்சுப்பொறியிற் பயின்ற விரல்கள் இடர்ப்படாவண்ணம், பாமினியும் அப்பொறியின் விசையொழுங்கைப் பெரிதும் தழுவியது. தன் காலத்துக்கு அது செய்த உதவி பெரிது. எனினும் அதன் காலம் கழிந்தது.

1991 இல் வெளியான யுனிக்கோட் முறை, தமிழெழுத்துக்கெனத் தனி எண்களை வகுத்தது. அவ்வாண்டிலேயே பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், லினக்ஸ் எனப்படும் கட்டற்ற இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் கூடிய பொறியில் விலை கொடாது தமிழெழுதலாம். பிற இயங்குதளங்களிலும் தமிழ் உண்டு. ஆயின் பழைய கணினிகளையே நம்பியிருக்கும் பாடசாலைகளுக்கு லினக்ஸ் பெருந்துணையாகும்.

அமைக்கும் வகையும் அரிதன்று. குனோம் மேசைத்தளத்தில் 'அமைப்புகள்' என்பதனுள் 'விசைப்பலகை' பகுதியைத் திறந்து, உள்ளீட்டு மூலமாகத் தமிழைச் சேர்த்தல் வேண்டும். ஆண்டு இருவகை முறைகள் தோன்றும். எக்ஸ்கேபி என்னும் அடிப்படை அமைப்பு, ஒரு விசைக்கு ஓர் எழுத்தென மட்டும் அறியும். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுதியையும் நிறுவினால், எழுத்துக்கள் புணரும் முறையையும் பொறி அறியும். 1999 இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறை அதிலுண்டு. உயிர் இடக்கைப்புறம், மெய் வலக்கைப்புறம் என அமைந்த அம்முறையில் அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' தோன்றும். இடையிலுள்ள புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்ளும். தட்டச்சுப் பழக்கம் விடாதோர்க்கு இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறையும் அங்கேயே உண்டு. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் உடன் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் குறி பொறித்த விசையையும் இடைவெளி விசையையும் ஒருசேர அழுத்தி மொழி மாறலாம். மும்மொழியும் வழங்கும் நம் மாவட்டத்துக்கு இஃது எத்துணைப் பயன்!

சுட்டியின் செய்தியும் இத்தகையதே. இடக்கைப் பழக்கமுடைய பிள்ளை வலக்கைச் சுட்டியோடு மல்லாடுவதைக் கண்டும் வாளாவிருக்கின்றோம். முதன்மைப் பொத்தானை வலப்புறமாக மாற்ற ஒரு கணம் போதும். கை நடுங்கும் முதியோர்க்குச் சுட்டியின் விரைவைக் குறைக்கலாம். சுட்டியைப் பிடிக்க இயலாதோர் எண்விசைகளாலேயே அதனை நகர்த்தலாம். இரு விசைகளை ஒருசேர அழுத்த இயலாதோர் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தவும் வழியுண்டு. 2009 இல் முடிந்த போரிற் கை இழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்க்கு இவை வெறும் வசதியல்ல, கல்விக்கும் தொழிலுக்கும் திறக்கும் வாயில் என்பதை நினைவிற் கொள்ளுதல் நம் கடன்.

ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டித் தமிழாக்கிக் கொண்டாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். அவசரத்துக்கு அது போதும். அதனை விலக்குவோம் அல்லோம். ஆயினும் ழகர, ளகர, லகரங்களை ஆங்கிலக் குறிகளாகவே எண்ணிப் பழகும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை பெருகக் காண்கின்றோம். உயிரையும் மெய்யையும் விரலால் உணர்ந்தெழுதும் மாணவனுக்கு இலக்கணத்தின் முதற்பாடம் தானே மனத்திற் பதியும்.

ஆதலின் மூன்று செயல்களை முன்மொழிகின்றோம். முதலாவது, தகவல் தொழினுட்ப வகுப்பின் தொடக்கத்திற் சில பாடவேளைகளேனும், விசைப்பலகையையும் சுட்டியையும் தமக்கேற்ப அமைக்கும் பயிற்சிக்கு ஒதுக்கப்படல் வேண்டும். இரண்டாவது, வரும் மலர்களுக்குரிய கட்டுரைகள் யுனிக்கோட் முறையிலேயே ஏற்கப்படல் வேண்டும். மூன்றாவது, பழைய கோப்புகளை மாணவரைக் கொண்டே யுனிக்கோட்டுக்கு மாற்றிக் காத்தல் வேண்டும். இதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைய வேண்டியது மட்டும் மனிதர் பொறுப்பு. அப்பணிக்குப் பழைய மாணவரின் ஓய்வு நேரமும் அனுபவமும் உதவுமாக.

மேற்கூறிய மூத்த அன்பரின் கட்டுரையை அவ்வாறே மாற்றினோம். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. ஆங்கிலக் குறிகள் மறைந்து, அவர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுந்தன. அருகிலிருந்த மாணவர் இருவர் அதனை உரக்கப் படித்தனர். அதனை இம்மலரில் யாவரும் படிக்கலாம். எதிர்வரும் தலைமுறையும் படித்தல் வேண்டும் என்பதே எம் வேட்கை.