நூற்றுக்கு 95, பின்வாசலில் பூட்டு



கம்பெனிச் சரக்கு எடுத்து விற்கும் மொத்த வியாபாரிகள் பலருடைய கிட்டங்கிகளுக்கு இப்போது தணிக்கையாளர்கள் வந்து போகிறார்கள். கையில் ஒரு படிவம், செல்போனில் கேமரா. இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழிலாளர் பாதுகாப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல மதிப்பெண் என்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. பச்சை வாங்கியவர் அதைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்தின் பக்கத்தில் மாட்டி வைக்கிறார். சிவப்பு வாங்கியவருக்கு ஏஜென்சி கைவிட்டுப் போகுமோ என்று தூக்கம் வருவதில்லை.

தணிக்கையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கிட்டங்கியில் அட்டி சரிந்தால் அடியில் இருப்பது நம்மை நம்பி மூட்டை தூக்க வந்த மனிதன். வெளியாள் ஒருவர் வந்து குறை சொல்வது நல்லதுதான். நமக்குக் குறையாகப் படுவது மதிப்பெண் போடும் முறை.

உதாரணத்துக்கு ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். இருபது கேள்விகள், கேள்விக்கு ஐந்து மதிப்பெண். தரை பெருக்கியிருந்தால் ஐந்து. முதலுதவிப் பெட்டி இருந்தால் ஐந்து. எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தால் ஐந்து. பின்வாசல் தடையில்லாமல் திறந்தால் ஐந்து. பின்வாசலைப் பூட்டி அதன் முன்னால் நாற்பது மூட்டை உளுந்தை அட்டி போட்டிருப்பவர், மற்றதெல்லாம் சரியாக வைத்திருந்தால் 95 வாங்கிவிடுவார். எல்லா வாசலையும் திறந்து வைத்து, தரையில் கொஞ்சம் தவிடு சிந்தி, பலகை மாட்டாமல், ரிஜிஸ்தர் எழுதாமல் விட்டவருக்கு 85. தீப்பிடித்தால் எந்தக் கிட்டங்கியில் ஆள் பிழைப்பான் என்று எந்த லோடுமேனைக் கேட்டாலும் சொல்வார்.

நாமெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். தமிழில் 98 வாங்கினாலும் கணக்கில் 35 இல்லையென்றால் பெயில்தான். தமிழில் மிஞ்சியதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வாத்தியார் விடமாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இருக்கும் அந்த விதி உயிர் சம்பந்தப்பட்ட படிவத்தில் இல்லை.

இது நம் நாட்டில் யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., உணவகங்களுக்கான ஆய்வுப் படிவத்தில் சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறது. நட்சத்திரக் கேள்வியில் ஒன்று தவறினாலும், மொத்தத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. சாப்பிடுகிறவனுடைய வயிற்றுக்கு இந்த விதி பொருந்துமானால், மூட்டை தூக்குகிறவனுடைய உயிருக்கு ஏன் பொருந்தக் கூடாது?

வெளிநாட்டு விஷயம் இரண்டைச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி கராச்சியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்து 250-க்கும் அதிகமான தொழிலாளர்கள் இறந்தார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020-இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தது யாராக இருந்தாலும், உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய வாசல்களும் கம்பி அடித்த ஜன்னல்களும். அந்த ஆலைக்கு சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்தது டாக்கா அருகே ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 24-இல் இடிந்து விழுந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். கடைக்காரர்கள் எந்தப் படிவத்தையும் பார்த்து மூடவில்லை, சுவரைப் பார்த்து மூடினார்கள். அங்கிருந்த ஆலைகளில் தணிக்கை நடந்தவையும் உண்டு. தணிக்கைப் படிவத்தில் கட்டடத்தின் உறுதியைப் பற்றிய கேள்வி இல்லை.

அதற்குப் பிறகு வங்கதேசத்தில் செய்த ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 2013-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஆலை ஆலையாகப் பொறியாளர்கள் பார்த்து, இன்ன குறை, இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், சரியாகிவிட்டதா என்று பட்டியல் போட்டு ஊரறிய வெளியிட்டார்கள். வேலைக்காரனுக்குத் தேவை அந்தப் பட்டியல். முதலாளிக்கும் அதுதான் தேவை. 87 என்று எண்ணைக் கொடுத்தால் நாளைக் காலையில் எந்தக் கொத்தனாரைக் கூப்பிடுவது?

விபத்துக் கணக்கு விஷயம் இன்னும் மோசம். வருடத்தில் ஒரு விபத்தும் இல்லையென்றால் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறார்கள். இதன் விளைவு என்ன என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலில் மூட்டை விழுந்தவர் கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டால் விபத்து நடக்கவில்லை. எழுதுகிறவனுக்கு மதிப்பெண் குறைகிறது, மறைக்கிறவனுக்கு ஏறுகிறது. 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் ஆலையில் வெடித்து 15 பேர் இறந்த பிறகு, 2007-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கையும் இந்த வகைத் தவறைத்தான் சுட்டிக்காட்டியது. சில்லறைக் காயங்களின் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து, ஆலையின் பெரிய ஆபத்துகளும் கட்டுக்குள் இருப்பதாக நிர்வாகம் நம்பியிருந்தது. (தணிக்கை நாளில் பக்கத்துக் கடைத் தீயணைப்பான் இரவலாக வந்து போவதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். வாசகர்களுக்கே தெரியும்.)

நம் கிட்டங்கிகளில் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை நான்கைந்துதான். வாசல் ஒன்று. பழைய வயரிங், அதுவும் சாக்குக்குப் பக்கத்தில் ஓடும் ஒட்டுப்போட்ட வயர். அளவுக்கு மீறி உயர்ந்த அட்டி, அதில் அடிமூட்டை பிரிந்து ஒரு பக்கம் சாய்ந்தால் சுவர் தாங்காது. பூச்சிக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தனியே சொல்ல வேண்டும். காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வருகிறது. அதற்கு முறிமருந்து கிடையாது. அரசு அங்கீகாரம் பெற்றவர்கள்தான் அதைக் கையாளலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் மருந்து வைத்த இரவில் கிட்டங்கிக்குள் காவல்காரர் படுத்திருக்கிறாரா என்று கேட்ட தணிக்கையாளரை நாம் இதுவரை பார்க்கவில்லை. பத்தி ஸ்டாண்டு வைத்த இடத்தைக் கேட்டார்கள்.

மூட்டையின் எடையும் அப்படித்தான். ஒரு வளர்ந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. குவிண்டால் மூட்டை பெரும்பாலும் போய் 50 கிலோ வந்துவிட்டது என்றாலும், சில சரக்குகளில் பெரிய சிப்பம் இன்னும் வருகிறது. இதைப் படிவத்தில் காணோம். தணிக்கையாளர் லோடுமேனோடு பேசியதையும் காணோம். கணக்குப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேர் வாடகைக் கிட்டங்கியில் இருக்கிறோம். பழைய கட்டடம், மூன்று பக்கமும் பொதுச்சுவர். இரண்டாவது வாசல் வைக்கக் கட்டடக்காரர் சம்மதிக்க வேண்டும், செலவை யாராவது ஏற்க வேண்டும். மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள் அந்தச் செலவில் ஒரு பங்கு ஏற்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. குறையைக் காட்டினால் ஏஜென்சி போகும் என்ற பயம் இருக்கும்வரை எந்த வியாபாரியும் குறையைக் காட்டமாட்டார். ஆறு மாதத் தவணை கொடுங்கள், அதுவரை சரக்கை நிறுத்தாதீர்கள். ஆனால் பூட்டிய வாசலுக்குத் தவணை கிடையாது. அதற்குச் சாவி இருந்தால் போதும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். சங்கமே ஒரு பக்கத்தில் படிவம் அச்சடிக்கட்டும். மதிப்பெண் வேண்டாம். மேலே சொன்னவற்றுக்கு உண்டு, இல்லை என்று மட்டும் இருக்கட்டும். இல்லை என்றால் என்ன குறை, எந்தத் தேதிக்குள் என்று எழுத இடம் விடட்டும். கடைசியில் கணக்குப்பிள்ளையோடு மூத்த லோடுமேன் ஒருவரும் கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொரு கமிட்டி உறுப்பினரும் தம் தெருவை விட்டு வேறு தெருவில் உள்ள ஐந்து கிட்டங்கிகளைப் பார்த்தால் இரண்டே மாதத்தில் வேலை முடிந்துவிடும். முதலில் எங்கள் கிட்டங்கிக்கே வரலாம். சொல்லிவிட்டு வர வேண்டாம்.