மூச்சுக்கும் பதிவேடு வேண்டும்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். சாயங்காலம் பட்டாசு ஆலை வேன்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும். பேன்சி ரகம் செய்கிறவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். கழுத்திலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பவுடர் மின்னும். உடம்பில் ஒட்டியதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடலாம். மூச்சோடு உள்ளே போனதை என்ன செய்வது?

நம் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு பொருள். ஒன்று ஆலையில் கலப்பது, மற்றொன்று ஆஸ்பத்திரியில் தருவது. முதல் மருந்தால் நோய் வாங்கி, இரண்டாவது மருந்துக்கு அலைகிற குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு.

விபத்து நடந்தால் அது செய்தியாகிறது. 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2024இல் செங்கமலப்பட்டி, 2025இல் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயர்களே சாவுக் கணக்காகிவிட்டன. ஆனால் இளைத்து இளைத்து வேலைக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களின் கணக்கு எங்கேயும் இல்லை. நிலமில்லாததால் பட்டாசு வேலைக்குப் போன தலித் மக்கள் அவர்களில் ஏராளம்.

பட்டாசுக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பை உச்ச நீதிமன்றம் பேசாமல் இல்லை. 2015இல் டெல்லியின் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமையைக் கேட்டார்கள். 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தக் குழந்தைகள் கேட்டது நியாயம். ஆனால் அந்த வழக்கில் நாம் பேசப்பட்டதெல்லாம் வேலை பறிபோகும் கூட்டமாகத்தான். ஒரு நாள் இரவுப் புகையால் கெடும் நுரையீரல் வழக்கின் மையமானது. வருடம் முழுக்க அதே தூளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நுரையீரல் அப்படி ஆகவில்லை.

இளைப்பு எப்படி வருகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சுக்குழாய் மரம்போலக் கிளை பிரிந்து நுரையீரலுக்குள் போகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் கிளைகளின் உட்சுவர் எப்போதும் சற்றே வீங்கிச் சிவந்திருக்கும். தூசியோ புகையோ சளிக் காய்ச்சலோ பட்டால் மூன்று காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் இன்னும் வீங்குகிறது, கெட்டிச் சளி சுரந்து வழியை அடைக்கிறது. குறுகிய வழியில் காற்று வெளியேறும்போது வருவதுதான் அந்த விசில் சத்தம். இரவிலும் விடியற்காலையிலும் தொல்லை கூடும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் குழாயின் சுவரே தடித்துப்போகும்.

பிறவியிலேயே ஒவ்வாமைத் தன்மை உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். ஆனால் அதைக் கிளப்பிவிடுபவை சுற்றுப்புறத்தில் இருக்கின்றன. நம் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை: சீமைக்கருவேலம் பூவின் மகரந்தம், கரிமூட்டப் புகை, விறகடுப்பு. இவற்றோடு ஆலையின் கந்தகம், கரித்தூள், உலோகப் பவுடர். கந்தகம் எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே இறுக்கிவிடும்.

இருமல் எல்லாம் ஆஸ்துமா அல்ல. காசநோயாகவும் இருக்கலாம், புகையால் வரும் வேறு நுரையீரல் நோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனையும், ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்ப்பதும் அவசியம். அதோடு ஒரு கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை மூச்சு எப்படி இருக்கிறது?" லீவு நாளில் லேசாகி, வேலைக்குப் போனால் முட்டுகிறது என்றால் வேலையைச் சந்தேகிக்க வேண்டும். பீக் புளோ மீட்டர் என்ற சிறு குழாயில் வேலை நாளிலும் லீவு நாளிலும் சில வாரங்கள் ஊதி எழுதி வைத்தால் வித்தியாசம் எண்களாகவே தெரியும்.

இனி இரண்டாவது மருந்து. ஆஸ்துமாவை முழுதாகப் போக்க மருந்து இல்லை; ஆனால் நன்றாகக் கட்டுக்குள் வைக்க மருந்து உண்டு. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் சிகிச்சையின் அடிப்படை. இறுகிய தசையைத் தளர்த்தும் சல்பூட்டமால் இன்ஹேலர் உடனடி ஆறுதல் தரும், வீக்கத்தைக் குறைக்காது. அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலேயே சொல்லிவிட்டது. நம் ஆட்களோ முட்டும்போது ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேன் ஏறிவிடுகிறார்கள்.

"பம்பு பழகிட்டா விட முடியாதாமே தம்பி" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். இல்லை அக்கா. சல்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் அழுத்து 100 மைக்ரோகிராம், மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சம் போதும். ஸ்பேசர் என்ற கூடு வைத்து இழுத்தால் தொண்டையில் வீணாகாது. ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பம்பு கேட்காமல் போனாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டீக்கடையின் தனி டம்ளரை எதிர்த்து நின்றவர்கள் நாம். நம் வீடுகளிலேயே இளைப்புக்காரருக்குத் தனி டம்ளர் வைக்கிறோம். வரன் தட்டிப்போகும் என்று பெண்பிள்ளையின் இன்ஹேலரை ஒளிக்கிறோம். ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி அல்ல. அந்த டம்ளரை இன்றே எடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் தம் மூன்றாம் அட்டவணையில் வேலையால் வரும் ஆஸ்துமாவைத் தொழில்நோயாகச் சேர்த்திருக்கின்றன. இப்போது அவற்றின் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் உண்டு. ஆனால் இழப்பீடு கேட்க இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வாமை உண்டாக்குவதாக அறியப்பட்ட பொருள் அந்த வேலையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள். உள்குத்தகையில் அறை அறையாகப் பிரித்துவிட்ட ஆலையில் யார் முதலாளி? பீஸ் ரேட்டுக்குப் போகிறவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து திரி செய்கிறவருக்கு எந்த ஆலை? விபத்தில் இறந்தால் உடலாவது சாட்சி. இளைப்புக்குச் சாட்சி காகிதம் மட்டுமே.

ஆகவே ஆலை நுழைவாயிலிலேயே கோரிக்கை தொடங்க வேண்டும். உள்குத்தகை ஆளாக இருந்தாலும் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை செய்து, முடிவின் நகலைத் தொழிலாளி கையில் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும், 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் நோயாளியின் சீட்டில் 'என்ன வேலை' என்று எழுத வேண்டும். நோய் தொடங்கியதும் தூசியிலிருந்து விலகினால் குணம் அதிகம். எனவே கூலி குறையாமல் வேறு அறைக்கு மாற்றித் தரும் பொறுப்பு ஆலையுடையது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. இன்று இரவு அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள்: எந்த ஆலை, எந்த அறை, எத்தனை வருடம், ஞாயிற்றுக்கிழமை மூச்சு எப்படி இருக்கிறது? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு நீங்கள் எழுதும் அந்தப் பக்கமே முதல் பதிவு.